தோசை வராத மாவு

முதல் முறை என் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, குழந்தை உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று புது இடத்தில் வரிசைகட்டி வரும் கேள்விகள் ஒன்றும் வரவில்லை. வாசலில் நின்றபடி என் கைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"பிள்ளை, நீர் என்ன பலகாரம் செய்யிறனீர்?"

மாண்ட்ரியலுக்கு வந்து இரண்டு மாதம், கார்ட்டியர்வில்லில் அந்தச் செங்கல் அடுக்குமாடிக்குக் குடிவந்து நான்கு நாள். கணவர் காலையில் கணினியைத் தேடிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அந்த நான்கு நாளில் என்னிடம் தமிழில் பேசிய முதல் வெளியாள் இவர்தான். சந்தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "பலகாரம்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. இட்லி மட்டும் நல்லா வரும்."

"இட்லி," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "இட்லி இஞ்ச ஒருத்தரிட்டயும் இல்லை. பேந்து கதைப்பம்." மாடியேறிப் போய்விட்டார். என் இட்லியைப் பற்றி இந்த அம்மாவுக்கு என்ன யோசனை என்று எனக்கு விளங்கவில்லை. விளங்க மூன்று வாரம் ஆனது.

அவருக்கும் பெயர் உண்டு. கீழே அழைப்புமணிப் பலகையில், தபால்காரர் மூச்சுவாங்கும் நீளத்துக்கு எழுதியிருந்தது. ஆனால் அதைச் சொல்லி அழைத்தவரை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் அவர் ரோல்ஸ் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், வீட்டுக்குள்ளும் கம்பளிச் சட்டை, அதன் கைகள் எப்போதும் முழங்கைவரை சுருட்டியிருக்கும். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அவர் சுருட்டும் ரோல்ஸ் ஒன்றுக்கொன்று நூல் அளவு கூடாது, குறையாது.

மாண்ட்ரியல் தமிழர் வீடுகளில் பிறந்தநாள், பெண் பெரியவளான சாமத்தியவீடு, புதுவீட்டுக் குடிபூரல் எதுவானாலும் தொலைபேசி முதலில் அவருக்குத்தான் வரும். அவர் ஆர்டரை எடுத்துப் பிரித்துக் கொடுப்பார். ரோல்ஸ் அவருடையது. வடை மூன்றாம் மாடி. மோதகம் பக்கத்துக் கட்டடம். இடியப்பம் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வீடு. தோசை மா லாசாலில் ஒரு வீடு. அவருடைய குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளில் இதெல்லாம் எழுதியிருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பலகாரம், ஒரு பலகாரத்துக்கு ஒரு வீடு. அவ்வளவுதான் சட்டம்.

வடை வீட்டுக்காரி ஆசைப்பட்டு மோதகம் செய்து விற்றால் ரோல்ஸ் அக்கா அந்த வீட்டுக்குப் போவார். சத்தம் போட மாட்டார். சோபாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். எழுந்திருக்கும்போது, "உம்மட மோதகம் நல்லாயிருக்காம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். அதோடு அந்த வீட்டில் மோதகம் நின்றுவிடும்.

இந்த அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆர் தாறது? நான் எடுத்தனான்."

ஆட்களை அவர் பலகாரத்தால்தான் அறிவார். "இடியப்பத்துக்கு நாரி பிடிச்சுப்போச்சு," என்று தன் இடுப்பைத் தொட்டபடி தொலைபேசியில் யாரிடமோ கவலைப்படுவார். "மோதகத்தின்ர மூத்தவன் சோதினை பாஸாம்." "வடையும் புருசனும் ஒரு கிழமையாக் கதைக்கிறேல்லை." ஆரம்பத்தில் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொள்வேன். பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. மெட்ரோவில் ஒருநாள் என் கணவரிடம் "அதோ வடை" என்று காட்ட, அவர் ஆவலோடு கடை எங்கே என்று தேடினார்.

பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பயந்து ஒரு பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். பாடம், இடைக்கால ஐரோப்பாவின் பொருளாதாரம். உனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றார் கணவர். செவ்வாய்க்கிழமை மாலையில் இடம் இருந்தது அதில் மட்டும்தான் என்றேன். அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரோல்ஸ் அக்காவின் சமையலறைக்குப் போவேன். ரஸ்க்கைப் பொடித்துக் கொடுத்தபடி படிப்பேன். மனதுக்குள் படிக்க அவர் விடமாட்டார்.

"சத்தமா வாசியும். என்ன எழுதியிருக்கிறான் எண்டு பாப்பம்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிச் சொல்வேன். அந்தக் காலத்தில் சமூகத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள், பிரார்த்தனை செய்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், வேலை செய்கிறவர்கள் என்றேன்.

"இஞ்சயும் உதுதானே," என்றார், ரோல்ஸை முட்டையில் தோய்த்தபடி. "கோயில்காரர், சங்கக்காரர், நாங்கள்."

அடுத்த அத்தியாயத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நகரத்தில் ஒரே தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து கில்டு என்று ஒரு சங்கம் வைத்துக்கொள்வார்கள். யார் செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும், எது யாருடைய வேலை என்பதெல்லாம் அந்தச் சங்கம்தான் முடிவு செய்யும். புதிதாக வருகிறவன் தன் கையால் ஒரு பொருளைச் செய்து மூத்தவர்கள் முன் வைக்க வேண்டும். தேறினால்தான் அவனும் தனியாகக் கடை வைக்கலாம். "அக்கா, இது நீங்கதான்," என்றேன்.

"எந்த ஊரில?"

"இத்தாலி, ஜெர்மனி, ஃபிளாண்டர்ஸ், எல்லா ஊர்லயும். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி."

"அவங்களுக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். நம் ஆட்களில் யாரோ வாய் தவறி உளறிவிட்டார்கள் என்ற சந்தேகம் அவர் முகத்தில் நிஜமாகவே தெரிந்தது.

லண்டனில் வெள்ளை ரொட்டி சுடுகிறவர்களுக்கு ஒரு சங்கம், தவிட்டு ரொட்டி சுடுகிறவர்களுக்கு வேறு சங்கம். புதுச் செருப்புத் தைக்கிறவன் வேறு, பழஞ்செருப்பைச் செப்பனிடுகிறவன் வேறு. இரண்டு பேருக்கும் நடுவில் ஓயாத வழக்கு. புத்தகம் இதை வேடிக்கை என்றுதான் எழுதியிருந்தது, வகுப்பிலும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சரிதானே. பழஞ்சப்பாத்துக்காரன் புதுசைத் தொட்டால் புதுசு தைக்கிறவன் எங்க போறது?" என்றார்.

எடை குறைந்த ரொட்டி விற்ற லண்டன் ரொட்டிக்காரனின் கதையையும் அந்தச் சமையலறையில்தான் சொன்னேன். அவனை ஒரு மரச்சட்டத்தில் கட்டி, அந்தக் குறை ரொட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டு, தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். ரோல்ஸ் சுருட்டிய கை நின்றது.

"பேந்து அவன் பாண் போட்டவனோ?" ரொட்டிக்கு யாழ்ப்பாணத்தில் பாண் என்று பேர்.

"போடலாம்க்கா. முதல் தடவை இது. ரெண்டாவது தடவை எல்லாரும் பாக்க நிக்க வைப்பாங்க. மூணாவது தடவைதான் அடுப்பை இடிப்பாங்க."

"முதல் தரம் அடுப்பை விட்டது நல்லது," என்றார். கை மறுபடி சுருட்ட ஆரம்பித்தது. எனக்கு அது தேர்வுக்கான ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

நான் இவரைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை எழுதப் போக, பேராசிரியை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டார். நரைத்த தலை, கியூபெக் நாட்டுப்புறத்துப் பெண்மணி, முப்பது வருடமாக ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களைத் தோண்டிக்கொண்டிருப்பவர். ரோல்ஸ் அக்கா "போன்ஜூர் மதாம்" சொல்லி உட்காரவைத்து, அவர் கைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இவ என்ன செய்யிறவ?"

மொழிபெயர்த்தேன். பேராசிரியை வெகுநேரம் சிரித்துவிட்டு, கிறிஸ்மஸுக்கு டூர்த்தியேர் செய்வேன், அது எங்கள் பக்கத்து இறைச்சிப் பை, அம்மா சொல்லித் தந்தது என்றார். ரோல்ஸ் அக்கா எழுந்துபோய்த் தாளில் எழுதினார்: டூர்த்தியேர் – ரீச்சர்.

நான் அதை விளையாட்டென்று நினைத்தேன். அந்த மார்கழியில் மோதகம் வீட்டுக்காரி, மகளை விடும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், யாரிடமோ டூர்த்தியேர் கற்றுக்கொண்டு வந்து, ஆர்டர் எடுக்கட்டுமா என்று கேட்டார். "அது ரீச்சரின்ர," என்று ரோல்ஸ் அக்கா சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாலு வேணுமாம் எண்டு அவவுக்குச் சொல்லும்." கூனிக் குறுகிக்கொண்டு சொன்னேன். பேராசிரியை நான்கு டூர்த்தியேர் சுட்டு, பனியில் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ரோல்ஸ் அக்கா ஒரு துண்டு வாயில் போட்டு, "கராம்பு கொஞ்சம் கூட" என்றார். பேராசிரியை குறித்துக்கொண்டார்.

என் இட்லிக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு, இட்லி மாவை எனக்குக் கொடுப்பதாகத்தான் இருக்கிறது, ஆனால் லாசால் மறுக்கிறது என்றார். லாசாலில் தோசை மா அரைத்த பெண்ணுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. கணவர் கிடங்கு வேலையில் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி, வீட்டோடு கிடந்தார். சின்னப் பிள்ளைகள் இரண்டு. அந்த வீடு ஓடியது அந்தக் கிரைண்டரால்தான். அவருடைய மாவு யாழ்ப்பாணத்துத் தோசைக்கானது, உளுந்து அரிசியோடு அவித்த கோதுமை மாவும் வெந்தயமும் சேர்த்து, வெங்காயம் மிளகாய் தாளித்துப் போட்டது. மெத்தென்று மஞ்சளாக இருக்கும். வேறு கதி இல்லாமல் தமிழ்நாட்டு மாணவர்களும் கம்ப்யூட்டர்காரர்களும்கூட அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இட்லி மா எண்டு இந்தப் பிள்ளை குடுக்கும். சனம் அதில தோசையும் ஊத்தும். பேந்து என்ர மாவை ஆர் வாங்குறது?" என்பது அவர் வாதம். வெள்ளை ரொட்டியும் தவிட்டு ரொட்டியும் மாண்ட்ரியலுக்கு வந்து சேர்ந்துவிட்டன.

ரோல்ஸ் அக்கா இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "நீர் மா குடுக்கலாம். ஆனால் அதில இட்லி வரவேணும், தோசை வரக்கூடாது."

"உலகத்துல யாருமே அப்படி மாவு அரைச்சதில்லக்கா."

"அப்ப நீர்தான் முதல் ஆள்."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. இந்த ஊரில் எனக்கு வேலை செய்ய அனுமதியில்லை, பிரெஞ்சு தெரியாது, பேர் கேட்கக்கூட ஆளில்லை. அந்தத் தாளில் ஒரு வரி எனக்கும் வேண்டும் என்று அப்படியொரு வெறி வந்துவிட்டது. அரிசியை ரவைபோல் உடைத்தேன், உளுந்தைக் கூட்டினேன், குறைத்தேன். பஞ்சுபோல் இட்லி வரும். அதே மாவில் தோசை வார்த்தால் அதுவும் எழுந்து வந்து நிற்கும். எனக்கு அழுகை வரும். கணவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் அடுப்பை எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் வந்துடுச்சா?" என்று துக்கம் விசாரிப்பார். பதினைந்து நாள் தோசையும் நாங்களும் மல்லுக்கட்டினோம். கடைசியில் அரிசி ரவையை இன்னும் பருமனாக விட்டுப் பார்த்தேன்.

சோதனை நாளில் ரோல்ஸ் அக்கா, வடை, லாசால் மூன்று பேரும் என் சமையலறையில் உட்கார்ந்தார்கள். யாரும் குறை சொல்லக் கூடாதென்று லாசால் தன் சொந்தத் தோசைக் கல்லையே துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இட்லியைப் பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள். அடுத்து லாசால் தன் கையாலேயே என் மாவைக் கல்லில் ஊற்றினார். கரண்டியோடு மாவும் சுருண்டு வந்தது. திருப்பப் போனார், ஆறு துண்டாகப் பிய்ந்தது. இன்னொன்று ஊற்றினார், அதுவும் கல்லை விடவில்லை.

"வரேல்லை," என்றார் லாசால். அவர் முகத்தில் வந்த நிம்மதியை இப்போதும் என்னால் சொல்லமுடியும், தோள் இரண்டும் கீழே இறங்கின. வடை கைதட்டினார். தோசை பிய்ந்ததற்குப் பாராட்டு வாங்கிய பெண் தமிழ் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று மாலை தாளில் ஒரு வரி ஏறியது: இட்லி – ரெண்டாம் மாடி. கீழே போய் என் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் ஆடினேன்.

சட்டம் பேசுகிறவர்களை எனக்கு லேசில் பிடிக்காது. இவரைப் பிடித்ததற்குக் காரணம் கர்க்லாண்டில் நடந்த ஒரு விருந்து. பெரிய வீடு, டாக்டர் குடும்பம், ஆர்டர் எடுத்த நாங்கள் பின்வாசல் வழியாக உள்ளே போகிற ரகம். அன்று ரோல்ஸில் நாலைந்து எண்ணெயில் வாய் பிளந்திருந்தன. புது மாவு, தோல் மெலிந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் கவனிக்கவேயில்லை, கவனித்தபோதும் பரவாயில்லை என்றார். ரோல்ஸ் அக்கா ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திரும்ப அடுக்கினார். கூடத்தில் ஒரு பெரியவர் ரோல்ஸை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். "ஐயா, உதை வையுங்கோ," என்று அவர் கையிலிருந்த அதையும் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் தொலைபேசி: ஒரு மாதத்துக்கு ரோல்ஸ் இல்லை. தனக்குத் தானே போட்ட தண்டனை. அந்தக் கட்டடமே ஒரு வாரம் வாய் பிளந்த ரோல்ஸ் தின்றது. மாதம் முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கள் முன்னால் பொரித்துப் போட்டார். நாங்கள் தின்று முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சொல்லுங்கோ. ஆர்டர் எடுக்கலாமோ, ஏலாதோ?" என்று கேட்டார். எடுக்கலாம் என்று அவரிடமே சொல்ல நான் யார். வடைதான் சொன்னார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஏமாற்றினேன்.

என் மாவு சின்ன மூடிவாளிகளில் ஒரு தமிழ் மளிகைக் கடைக்கும் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் சிரித்த முகக்காரர். "தங்கச்சி, உங்கட மா திறம். ஆனா சனம் ஒரு வாளியிலயே ரெண்டும் வேணுமெண்டு கேக்குது. கொஞ்சம் நைசா அரைச்சா என்ன? ஆர் வந்து பாக்கப்போகினம்?" என்றார். அந்த வாரம்தான் வகுப்பில், வியாபாரிகள் நகரத்துச் சங்கங்களைத் தாண்டிப் போய்க் கிராமத்து வீடுகளில் கம்பளியைக் கொடுத்து நெய்ய வைத்தார்கள், அப்படித்தான் சங்கங்கள் ஆட்டம் கண்டன என்று படித்திருந்தேன். தேர்வுக்குப் படித்தேனே தவிர எனக்கென்று படிக்கவில்லை.

காசுக்காக என்று சொன்னால் அது பாதி உண்மைதான். நைசாக அரைத்த முதல் வாரமே, சேலத்துப் பையன் ஒருவன் கடையில் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க மாவுல தோசை பேப்பர் மாதிரி வருது, எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு," என்றான். மாதக்கணக்கில் தோசை வராத மாவு அரைத்தவளுக்கு அது போதை. ஒன்றரை மாதம் அரைத்தேன். லாசாலின் ஞாபகம் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் கிரைண்டரின் சத்தத்தில் அதை அமுக்கிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை ரோல்ஸ் அக்கா வந்தார். கையில் என் வாளி, கடையில் வாங்கியது. உட்காரவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். "அடுப்பை மூட்டும்."

அவரே ஊற்றினார். மெல்லிசாகப் பரவி, பொன்னிறமாகி, ஓரம் தானாக எழுந்து வந்தது. அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பக்கம் பனி பெய்வது தோசை வழியே தெரிந்தது.

"நல்லாயிருக்கு," என்றார்.

அடுப்பை அணைத்தேன். "அக்கா, தெரியாம..."

"தெரியாமல் ஒருத்தருக்கும் இப்பிடித் தோசை வராது." தோசையைத் தட்டில் வைத்தார். "அந்தப் பாண்காரனை என்னெண்டு கொண்டுபோனவங்கள் எண்டு சொன்னனீர்?"

"ரொட்டியைக் கழுத்துல கட்டி..." தட்டைப் பார்த்தபடி சொன்னேன். "தெருத்தெருவா..."

"வாளியை எடும்."

கார்ட்டியர்வில்லிலிருந்து லாசாலுக்கு ஒரு பஸ், மெட்ரோவில் இரண்டு வழித்தடம், மறுபடி ஒரு பஸ். நான் வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் எதிர் இருக்கையில், யாரோ எவரோ என்பதுபோல் நேராகப் பார்த்தபடி. மாண்ட்ரியல் மெட்ரோவில் நடுக்குளிர்காலத்திலும் உள்ளே புழுங்கும். நாலாவது நிலையத்தில் என் மாவு பொங்க ஆரம்பித்தது. வீட்டில் அடுப்புக்குள் விளக்குப் போட்டு வைத்தாலும் பொங்க அடம்பிடிக்கும் மாவு, அன்று மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, என் கறுப்புக் கோட்டின்மேல் மெதுவாக வழிந்தது. ஒரு கையால் மூடியை அமுக்கினேன், மறு பக்கம் வழிந்தது. பெட்டி முழுதும் பார்த்தது. எதிரில் நின்ற ஒரு தாத்தா ரோல்ஸ் அக்காவிடம் பிரெஞ்சில் இது என்னவென்று கேட்டார்.

"பாண்," என்றார் அவர். அந்தத் தாத்தாவுக்கும் ரொட்டிக்கு ஏறக்குறைய அதே சொல்தான். திருப்தியாகத் தலையாட்டினார்.

நிஜமாகவே அழுதுவிட்டேன். ரோல்ஸ் அக்கா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கண்ணைத் துடைக்கப் போனேன். "மாவைத் துடையும்," என்றார்.

லாசால் கதவைத் திறந்ததும் முதலில் என் கோட்டைப் பார்த்தார், பிறகு முகத்தை. உள்ளறையில் அவர் கணவர் கட்டிலில் புரளும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இருவரும் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லும்," என்றார் ரோல்ஸ் அக்கா.

சொன்னேன். நைசாக அரைத்தேன், ஒன்றரை மாதம், தெரிந்தேதான், என்று எல்லாவற்றையும். திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். லாசால் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நான் என்ர மாவிலதான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்," என்றார். "எடுக்கிற வீடுகள் ஒண்டொண்டா நிண்டுபோச்சு. வெந்தயத்தைக் குறைச்சுப் பாத்தன், பேந்து கூட்டிப் பாத்தன். உளுந்துக் கடையை மாத்தினன். பிள்ளையளிட்டயும் கேட்டன், அம்மாவின்ர தோசை கைக்குதோ எண்டு."

ஒருத்தியின் வியாபாரத்தைக் கொஞ்சம் தட்டிவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

"ஊத்தும்," என்றார் ரோல்ஸ் அக்கா.

லாசாலின் அடுப்பில், லாசாலின் கல்லில் ஊற்றினேன். வாழ்க்கையில் இரண்டாம் முறையாக ஒரு தோசை பிய்ந்துபோக வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். பாழாய்ப்போன தோசை கண்ணாடிபோல் வந்தது. பிள்ளைகள் வாசம் பிடித்து ஓடி வந்தார்கள். சின்னவன் நொறுக்கித் தின்றுவிட்டு, அம்மாவைப் பார்த்து இன்னொன்று வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டான். லாசால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, தன் மாவை எடுத்து ஒரு தோசை வார்த்தார். தடிப்பாக, மஞ்சளாக, தாளித்த வெங்காயத்தோடு. தட்டில் வைத்து என் கையில் கொடுத்தார்.

"கைக்குதோ?"

"கசக்கலக்கா," என்றேன். அது உண்மை. தட்டில் ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

திரும்பி வரும்போது காலி வாளியை ரோல்ஸ் அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது தைரியத்தைத் திரட்டிக் கேட்டேன். "தாள்ல என் பேரை அடிச்சுடுவீங்களாக்கா?"

"அடுப்பை இடிக்கிறது மூண்டாந்தரம் எண்டு நீர்தானே வாசிச்சனீர்," என்றார். "இது முதல் தரம்." அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. திங்கட்கிழமை என் மாவு மறுபடி ரவையானது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். சேலத்துப் பையனுக்கு நானே லாசாலின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்.

அடுத்த சில வருடங்களில் ரோல்ஸ் அக்கா மகனோடு இருக்க டொரொண்டோவுக்குப் போய்விட்டார். போகும் முன் ரோல்ஸுக்கு மூன்று பேரைச் சோதித்தார். சொந்தத் தங்கையின் மகளைத் தள்ளிவிட்டு, யாரென்றே தெரியாத ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்தார். தங்கை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வரவில்லை. போகிற இடத்திலும் தாள் ஒட்டுவீர்களா என்று கேட்டேன். "அங்க ஆர் ஆர் என்னென்ன செய்யினம் எண்டு முதலில் பாப்பம்," என்றார். டொரொண்டோவை நினைத்துப் பாவமாக இருந்தது.

இப்போது எங்களுக்கும் கர்க்லாண்டில் ஒரு வீடு. பலகாரம் எங்கள் வீட்டுக்கும் வருகிறது. முன்வாசல் வழியாக வரச் சொல்கிறேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான். இட்லி மாவு வீட்டில்தான் அரைக்கிறேன், ரவைப் பதத்தில். தோசைக்குச் சனிக்கிழமை லாசாலுக்குப் போய் ஒரு வாளி வாங்கி வருகிறோம். அவர் கணவர் எழுந்து நடக்கிறார், வாளியைக் கார்வரை அவரே தூக்கி வந்து வைக்கிறார்.

போன வாரம் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் மகன் சோபாவைவிட்டு அசையாமல் கேட்டான். "நம்ம வீட்லயே கிரைண்டர் இருக்குல்ல? நீயே கொஞ்சம் நைஸா அரைச்சா என்னம்மா? யார் வந்து பாக்கப்போறாங்க?"

அவன் சொல்வது சரிதான். வீட்டுக்கு அரைத்துத் தின்ன எந்தச் சட்டமும் தடையில்லை, ரோல்ஸ் அக்காவே ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் எனக்கு இன்னும் இரண்டு தரம்தான் மிச்சமிருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வா என்றேன்.